அழுதேன், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் வடிகட்டிகள் ஒருவழியாக முடிந்தன. மூன்று மாதமாக உலகத்து மக்கள் தங்கள் வடிகட்டியைப் பற்றி எழுதிய கருத்துகளைப் படித்து, பாராட்டு, குறை என்று பிரித்துக்கொண்டிருந்தேன். மனித இனத்தின் மேல் எனக்கிருந்த மதிப்பில் பெரும்பகுதி அதிலேயே வடிந்துவிட்டது.

மதியம் எங்கள் மேலாளர் குழந்தைவேல் சார் கூப்பிட்டார். அடுத்தது ஒரு ஜப்பான் கேமாம். பெயர் ‘பனிக்கடல் விளக்கு’.

“நம்மளே ஒரு ஆளா மாறி உள்ள போயி வாளு வீசோணுங்க. வீச வீசப் பலம் ஏறுமாம். ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி.ன்னு சொல்றாங்க” என்றவர், கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு இருமினார். “அப்புறம் அதுல ரெண்டு பொண்ணுங்க. அவிங்களுக்குள்ள ஒரு இது. அந்தப் பகுதியைப் பத்தி ஜனங்க என்ன சொல்றாங்கன்னு ஜப்பான்காரங்க முக்கியமாக் கேட்டிருக்காங்க.”

“காதலா சார்?”

“தாள்ல போட்டிருக்குங்க” என்று தாளை என் பக்கம் நகர்த்தினார்.

தாளில் ‘யூரி’ என்று போட்டிருந்தது. தேடிப் பார்த்தேன். லில்லிப் பூ என்று பொருள். பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளை ஜப்பானில் அப்படி அழைக்கிறார்கள். நம் ஊரில் குறிஞ்சி, முல்லை என்று காதலைப் பூவின் பெயரில் வகைபிரித்தவர்கள் இருந்தார்கள். எனவே எனக்கு வியப்பாக இல்லை. சாருக்கு இருந்தது.

வேலை முறை பழையதுதான். ஒவ்வொரு கருத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் குறிபோட வேண்டும். ஜோடியாக இருக்கும் இருவர் வார நாட்களில் பேசிக்கொள்ளக் கூடாது. பேசினால் ஒருவர் எண்ணம் மற்றவருக்கு ஜலதோஷம்போல ஒட்டிக்கொள்ளும் என்பது சாரின் நம்பிக்கை. சாப்பிடும் மேசைகூட வேறு வேறு. குறிகள் மாறுபடும் கருத்துகளை மட்டும் வெள்ளிக்கிழமை மதியம் கண்ணாடி அறையில் சேர்ந்து உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அதற்கு ‘ஒத்துப் பார்ப்பது’ என்று பெயர். வடிகட்டியில் ஒரு வெள்ளிக்கிழமைகூட எனக்கு அந்த வேலை வரவில்லை. ஒழுகுகிறது என்றால் ஒழுகுகிறதுதான்.

புது ஜோடியின் பெயர் ஹெப்சிபா. பாளையங்கோட்டைக்காரி, போன மாதம்தான் கோவைக்கு வந்தவள். தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு மட்டும் இந்தப் பக்கம் வருகிறது. அலுவலகத்தில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

கேம் ஆடுகிறவர்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. ஆனால் வடிகட்டிக்காரர்களைவிட நன்றாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் வந்தவற்றில் சிலவற்றை என் வசதிக்குத் தமிழில் எழுதி வைக்கிறேன்.

‘பொத்தானை அழுத்தினால் ஹனயே யோசித்துவிட்டுத்தான் வாளை வீசுகிறாள். சோறு போடட்டுமா என்று கேட்டால் என் மாமனாரும் இப்படித்தான்.’

‘நண்டு அரசனிடம் இந்த வாரம் முழுக்கச் செத்தேன். வேறு எதற்கும் நேரமில்லை. மிக மகிழ்ச்சியான வாரம்.’

‘முப்பது மணி நேரம் ஆடிவிட்டேன். இவர்கள் இருவரும் இன்னும் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.’

கதை பிடிபட்டுவிட்டது. பனி மூடிய கடலோர நகரம். ஹனயே வாள் வைத்திருக்கிறாள், மியாகோ விளக்கு வைத்திருக்கிறாள். விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும்தான் வாள் வெட்டும். அதனால் ஒருத்தியை விட்டு ஒருத்தி போக முடியாது. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஒரு குடிசையில் தங்குகிறார்கள். அங்கே ஹனயேயின் மணிக்கட்டில் தளர்ந்துபோன கயிற்றை மியாகோ மறுபடி கட்டிவிடுகிறாள். வேறொன்றும் நடப்பதில்லை. ஒருவர் இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று நினைத்து எழுதியிருக்கிறார்: ‘ஒவ்வொரு சண்டையிலும் கயிறு அவிழ்ந்துவிடுகிறது. பிழை. உடனே திருத்துங்கள்.’ நியாயம். குறை என்று போட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

முதல் ஒத்துப் பார்ப்பு. சில கருத்துகளில்தான் எங்கள் குறிகள் மாறியிருந்தன. அரை மணியில் முடிந்திருக்க வேண்டியது.

ஹெப்சிபா கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறாள். நேரம் பார்க்கும்போதெல்லாம் யாரிடமோ எதையோ வாங்குவதுபோலக் கையை ஏந்துகிறாள். இது வேலைக்குத் தொடர்பில்லாத விவரம்.

தகராறு இந்தக் கருத்தில் வந்தது: ‘அழுதேன். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.’

நான் குறை என்று போட்டிருந்தேன். அவள் பாராட்டு என்று போட்டிருந்தாள்.

“பணத்தைத் திருப்பிக் கேக்கறாருங்க. இதுல பாராட்டு எங்க இருக்கு?” என்றேன்.

“அழுதேன்னு மொதல்ல போட்டிருக்காருல்லா. இது கோவம் இல்ல, வெக்கம். நாலு பேரு நடுவுல அழுதுட்டவன் பேசுத பேச்சு” என்றாள்.

“அப்படின்னு அவரு எழுதலையே.”

“எழுதாததத்தான் நாம படிக்கணும். எழுதினத கம்ப்யூட்டரே படிச்சிருமே, நம்ம எதுக்கு?”

பதினான்கு வயதிலிருந்து நாவல் படிக்கிறேன். ஒரு கேம்காரி எனக்கு வாசிக்கச் சொல்லித்தருகிறாள். எரிச்சலாக இருந்தது. பாராட்டு என்று மாற்றிக்கொண்டேன்.

அடுத்தது இன்னும் மோசம். கயிறு கட்டும் காட்சி வருகிற கருத்துகளுக்கெல்லாம், எதைப் பற்றியது என்று குறிக்கும் ‘பொருள்’ என்ற கட்டத்தில் நான் ‘நட்பு’ என்று போட்டிருந்தேன். அவள் ‘காதல்’.

“ஒரு பிள்ள இன்னொரு பிள்ளைக்குக் கயிறு கட்டிவிடுதா. முடிச்சு விழுந்த பொறவும் கைய விடாம நிக்கா. இது நட்பா?”

“இருக்கலாமுங்க.”

“ஒங்களுக்கு அப்படி எத்தன தோழி உண்டு?”

பதில் சொல்வதற்குள், சார் கண்ணாடிக்கு வெளியிலிருந்து நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டினார்.

ஜூன் 10, செவ்வாய்

நட்புக்கும் காதலுக்கும் என்ன வேறுபாடு என்று அகராதியில் பார்த்தேன். அகராதி எழுதியவர் அன்று அவசரத்தில் இருந்திருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

இந்த வாரம் மாறுபாடுகள் கொஞ்சம் கூடுதல். கண்ணாடி அறையில் ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு அவளே ஒரு விதி போட்டாள். அதிகம் தோற்றவர் கீழே பேக்கரியில் தேங்காய் பன் வாங்க வேண்டும்.

தோற்றது நான். பன் சாப்பிடும் முறையில் ஒரு மனிதரின் குணம் தெரியும் என்றால், ஹெப்சிபா ஆபத்தானவள். பன்னை இரண்டாகப் பிரித்து, உள்ளேயிருக்கும் தேங்காய்ப்பூ, டூட்டி ஃப்ரூட்டி எல்லாவற்றையும் விரலால் வழித்துத் தின்றுவிட்டு, வெறும் ரொட்டியை என்னிடம் நீட்டினாள்.

“இது என்னங்க நியாயம்?”

“ஜெயிச்சவளுக்குத் தேங்கா. தோத்தவளுக்கு பன்னு. ஏ கோதை, நீ கேமே ஆடாம கேமப் பத்திக் குறி போடுத, அது மட்டும் நியாயமா?”

பூங்கோதை என்பது கோதை ஆனதும், நீங்க என்பது நீ ஆனதும் ஒரே வாக்கியத்தில் நடந்தன. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பைக்குள்ளிருந்து கையில் வைத்து ஆடும் கேம் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். “ரெண்டு வாரம் வச்சுக்க. நண்டுகிட்ட செத்து வா” என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

நண்டு அரசனிடம் போகவே இல்லை. அதற்கு முன்னால் வரும் சாதாரண நண்டே என்னைக் கொன்றுவிட்டது. பலமுறை.

பெட்டியை டிவியில் இணைத்து ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏங்கண்ணு, அந்த நண்டு பொடவுக்குள்ள போறப்ப வெட்டறதுக்கென்ன? வெளிய வர்றப்பவே போயி நிக்கறே.”

அம்மா சொன்னபடி செய்தேன். நண்டு செத்தது. கணக்கில்லாத ஆண்கள் காணொளி போட்டு விளக்கியிருக்கும் உத்தி இதுதான்.

குடிசைக் காட்சி வந்தது. ஹனயே கையை நீட்டினாள். மியாகோ கயிற்றைக் கட்டினாள். ‘நாளைக்கும் பனி விழும்போலிருக்கிறது’ என்றாள் மியாகோ. ‘விழட்டும்’ என்றாள் ஹனயே. காட்சி முடிந்தது.

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டார். “அவ்வளவுதானா? பேசோணும்னு வந்துட்டு மழை, பனின்னு எதையோ சொல்லிட்டுப் போறாளுக. இந்தப் புள்ளைக ரெண்டும் எப்பத்தான் வாயத் தொறக்கும்?”

“நீங்க எதுன்னு நினைக்கறீங்கம்மா? நட்பா, வேறயா?”

“எனக்கென்ன தெரியும், எனக்கு ஜப்பான் பாஷை தெரியுமா? முகத்தப் பாத்தாத் தெரியுதில்ல” என்று கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்ன தெரிகிறது என்று சொல்லவில்லை. நானும் பின்னால் போய்க் கேட்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

விவாதம் இல்லாத இடத்தில் அறிவு வளராது என்பதை நான் எப்போதும் நம்பி வந்திருக்கிறேன். இன்று கருத்துகளை வழக்கத்தைவிடச் சற்றுக் கடுமையாகப் படித்தேன். ‘மிக அருமையான கேம், எல்லோரும் ஆடுங்கள்’ என்பதில் ஒரு மறைமுக ஏளனம் இருப்பதாகத் தோன்றியது. குறை என்று போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒத்துப் பார்ப்பு மதியம் தொடங்கி, மாலையில் துப்புரவு அக்கா வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கும்வரை நடந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஹெப்சி வேலையில் கவனம் குறைந்துவிட்டாள். ‘இசை தேன்போல இருக்கிறது’ என்ற கருத்துக்குக் குறை என்று போட்டிருக்கிறாள்.

“இது எப்படிக் குறை?” என்றேன்.

அவள் திரையை மிக நெருக்கத்தில் பார்த்தாள். “கை தவறிட்டு” என்றாள்.

அப்படிப் பல இருந்தன. என் பக்கத்திலும் அப்படிச் சில கை தவறல்கள் இருந்ததால் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். அவளும் விட்டுவிட்டாள். ஒவ்வொன்றையும் திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச நேரத்தில் அவள் ஹாஸ்டல் தோசை, என் பள்ளிக்கூடத்து முடிவெட்டு, பாளையங்கோட்டையில் அவள் அப்பா ஆலயப் பாடகர் குழுவில் எப்போதும் அரை நொடி முந்திப் பாடுவது எல்லாம் பேசினோம். இவை மாதிரியான பின்னணி விவரங்கள் கருத்துகளைப் புரிந்துகொள்ள உதவும்.

பன் அவள் வாங்கினாள். தோற்றவளுக்கு வெறும் ரொட்டி என்பது அவள் போட்ட விதிதான். அப்படியும் தேங்காயை அவளேதான் வழித்தாள்.

ஜூன் 23, திங்கள்

குழந்தைவேல் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பேசக் கூடாது என்ற விதியை மீறாதபடி ஒருவர் பின் ஒருவராக நின்றுகொண்டோம்.

“வடிகட்டில உங்க குறி அவ்வளவு சுத்தமா இருந்துச்சுங்க பூங்கோதை. இதுல என்னாச்சு? வாராவாரம் மாறுபாடு ஏறிட்டே போகுது. ஜப்பான்ல இருந்து அந்தக் கம்பெனிக்கார அம்மா கேக்கறாங்க, உங்க ஆளுங்க ரெண்டு பேரும் ஒரே கேமத்தான் படிக்கறாங்களான்னு.”

ஹெப்சி பின்னால் மூக்கால் சிரித்தது கேட்டது.

“சிரிக்கற விசயமில்லீங்க ஹெப்சிபா. இந்த வாரத்துக் குறிகள அனுப்பறோம். ரெண்டு பேரும் ஒத்துப்போனாச் சரி. இல்லீன்னா ஜோடியப் பிரிச்சுடுவேன். லாரி ஓட்டற கேம் ஒண்ணு வந்திருக்கு. ஒருத்தர் அதுக்குப் போயிருவீங்க.”

அப்படியானால் வெள்ளிக்கிழமை?

கேட்கவில்லை. மனதில் தோன்றியதை எழுதினேன்.

ஜூன் 25, புதன்

வேலையைக் காப்பாற்றிக்கொள்வது ஒவ்வொருவரின் கடமை. அவளும் நானும் ஒத்துப்போக வேண்டும், ஆனால் பேசக் கூடாது. ஆகவே ஒரே வழிதான் இருக்கிறது. ஒவ்வொரு கருத்தையும் நான் ஹெப்சியாக இருந்து படிக்க வேண்டும்.

இது எனக்குக் கடினமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம். எங்கே சிரிப்பாள், எங்கே ‘ஏலே’ என்பாள், எங்கே எழுதாததைப் படிப்பாள் எல்லாம் தெரிகிறது. ஒருத்தியின் கண்ணால் நாள் முழுதும் பார்த்துவிட்டு, சாயங்காலம் பேருந்துக்கு நிற்கும்போது காந்திபுரம்கூட வேறு மாதிரி இருந்தது. திட்டிக்கொண்டிருந்த நடத்துநர் வெட்கப்படுகிறாரோ என்று தோன்றியது.

அழுததெல்லாம் பாராட்டு. கயிறு வரும் இடமெல்லாம் காதல். மளமளவென்று போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒன்று மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். ‘கட்டுகிறவள் முடிச்சு நிற்க வேண்டும் என்று கட்டுகிறாள். கட்டிக்கொள்கிறவள் அது அவிழ வேண்டும் என்று நிற்கிறாள். எனக்கு என் அலுவலகத்தில் இருக்கும் ஒருத்தியின் நினைவு வந்தது. கேமை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.’

இதற்கு ஹெப்சி என்ன போடுவாள் என்று யோசிக்க மறந்துவிட்டேன். காதல் என்று போட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

தோற்றோம்.

இதுவரை எந்த வாரமும் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. குழந்தைவேல் சாருக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்.

“பாருங்க. பூங்கோதை, இத்தன நாளா நட்பு நட்புன்னு போட்டிட்டிருந்தீங்க. இந்த வாரம் ஒண்ணு விடாம...” இருமினார். “அந்த இன்னொண்ணு. ஹெப்சிபா, நீங்க இத்தன நாளா அந்த இன்னொண்ணு. இந்த வாரம் ஒண்ணு விடாம நட்பு. அழுதேன்னு சொன்னா நீங்க பாராட்டும்பீங்க, இப்பக் குறை. என்னங்க இது, ரெண்டு பேரும் எதிரெதிர் பஸ்ல ஏறுன மாதிரி?”

ஹெப்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் தீயணைப்புக் கருவியைத் தவிர எதுவும் இல்லை. அவள் காது சிவந்திருந்தது. கோபமாக இருக்க வேண்டும்.

திங்கள் முதல் அவள் லாரி கேமுக்குப் போகிறாள். லாரியில் கருத்து வேறுபாடு வராது என்றார் சார். வேறு ஆள் கிடைக்கும்வரை எனக்கு ஜோடி அவரேதான். இன்று ஒத்துப் பார்ப்பு கிடையாது.

அவள் லாரிக்குப் போவது பெரிதில்லை. அவள் நட்பு என்று போட்டிருக்கிறாள். ஒன்று விடாமல். யோசித்து, நிதானமாக, மனம் மாறிப் போட்டிருக்கிறாள். கேமைப் பற்றி ஒருவர் மனம் மாறுவது அவரவர் உரிமை. எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று அம்மா கேட்டார். பேக்கரியில் பன் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஜூன் 28, சனி

துணி துவைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

“அந்த நண்டுப் புள்ளைக என்னாச்சு? வையி பாக்கலாம்” என்றார் அம்மா.

“பெட்டியத் திருப்பிக் கொடுக்கோணும்மா. ரெண்டு வாரம் முடிஞ்சிருச்சு.”

“முடிவு தெரியாமயா கொடுப்பே? கதை பாதில நிக்குது.”

“பாதியில நிக்கிற கதையும் உண்டும்மா. இலக்கியத்துல அது ஒரு வகை.”

“என்னமோ வகை” என்றார் அம்மா. சிறிது நேரம் கழித்து, கேட்காமலேயே காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 30, திங்கள்

மதியம் என் மேசையில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். கேம் பெட்டி பையில் இருந்தது. யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம் என்று எண்ணியிருந்தேன்.

தூணைச் சுற்றிக்கொண்டு ஹெப்சி வந்தாள். தன் டப்பாவை என் டப்பாவுக்கு எதிரில் வைத்தாள்.

“தள்ளி உக்காரு.”

“சார் பாத்துடுவாரு!”

“பாக்கட்டும். நா இப்ப லாரில்லா.”

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில், நாவல் படிப்பவர்கள்மேல் அவளுக்கு இருந்த மதிப்பெல்லாம் போயிருந்தது.

“ஏ படிச்சவளே. ஜோடியா இருந்தாத்தான பேசக்கூடாது? நாம இப்ப ஜோடி இல்லியே. திங்க, செவ்வா, புதன் எல்லாம் பேசலாம். ஞாயித்துக்கெழம கூட பேசலாம். யாரு கேப்பா?”

வெள்ளிக்கிழமையைக் காப்பாற்ற ஒரு வாரம் முழுக்க உயிரை விட்டவள் நான். மற்ற நாட்கள் இருக்கின்றன என்பதே நினைவில்லை.

அவள் டப்பாவிலிருந்து கருவாட்டுத் தொக்கை என் தயிர்சாதத்தின் ஓரத்தில் வைத்தாள். கேட்டுவிட்டேன்.

“நட்புன்னு போட்டியே. எல்லாத்துக்கும்.”

“நீ போடுவன்னுதான் போட்டேன். ஒத்துப்போணும்லா? ஒன்ன மாதிரியே கண்ணச் சுருக்கிட்டு, ஒதட்டக் கடிச்சுட்டு, ஒருத்தன் அழுதாக்கூட ரசீது கேக்க மாதிரி படிச்சேன். எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு நட்பும் போடும்போது வயித்தெரிச்சல். அங்கன வந்து பாத்தா நீ எல்லாத்துக்கும் காதல்னு போட்டு வச்சிருக்க.”

“நீ போடுவேன்னுதான்.”

“ஓ.”

தொக்கு உறைப்பாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது அதனால்தான்.

“எல்லாமேவா?” என்று கேட்டாள். இந்த முறை சத்தம் குறைவாக. “ஒண்ணுகூட நீயா போடலியா?”

“ஒண்ணு நானாப் போட்டேன்.”

“எது?”

“ஞாபகமில்ல.”

ஞாபகம் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. எழுதாததைப் படிக்கிறவளிடம் என்ன செய்ய முடியும்? பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. “முடிச்சிட்டியா? அப்ப ஞாயித்துக்கெழம வாரேன். ஒங்க அம்மாட்டச் சொல்லு” என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஹெப்சி காலையிலேயே வந்துவிட்டாள். அம்மா அவளுக்கு இட்லி வைத்தார். அவள் அம்மாவை ‘அத்தை’ என்றாள். பாளையங்கோட்டையில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். சரிபார்க்க எனக்கு வழியில்லை.

வாள் வீசியது ஹெப்சி. விளக்கைக் கவனித்தது நான். எப்போது வீச வேண்டும் என்று சொன்னது அம்மா. கடைசிப் பனிமிருகம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விழுந்தது. “இதுக்கா இத்தன பேரு அழுதாங்க?” என்றார் அம்மா.

பிறகு கடைசிக் காட்சி. பனி விலகி, விளக்கே தேவையில்லாத காலை. ஹனயே தனியாகக் குடிசைக்கு நடந்து வருகிறாள். வாசலுக்கு வெளியே நிற்கிறாள். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்க்கிறாள். மேலங்கிக்குள் கையை விட்டு, மணிக்கட்டுக் கயிற்றைத் தானே அவிழ்க்கிறாள். பிறகு கதவைத் தட்டுகிறாள்.

“அடிப்பாவி!” என்று அம்மா எழுந்தே விட்டார். “இத்தன நாளா அவளேவா அவுத்துட்டு வந்து நின்னா?”

ஹெப்சி, ‘கை தவறிட்டு’ என்ற நாளில் பார்த்ததுபோலவே, திரையை மிக நெருக்கத்தில் பார்த்தாள். நான் இசையைக் கேட்டேன். இசை தேன்போல இருந்தது என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை.

திரையில் மியாகோ கதவைத் திறந்து, தொங்கும் கயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். ‘இன்றைக்குச் சண்டையே இல்லையே’ என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

“அப்பாடா” என்று அம்மா ரசம் தாளிக்க உள்ளே போனார். அடுப்படியிலிருந்து அவர் குரல் வந்தது. “வெளக்கு வச்சிருக்கறவ கெட்டிக்காரி. தெரிஞ்சும் தெரியாத மாதிரி கட்டிவிட்டிருக்கா பாரு.”

கேம் முடிந்ததும் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது. ஹெப்சி பெட்டியை என் மடியில் வைத்தாள்.

“எழுது.”

“பெட்டி உன்னுது.”

“கண்ணீர் ஒன்னுதுல்லா.”

எழுதினேன். ‘அழுதேன். பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். கயிறு அவிழ்வது பிழையல்ல, திருத்திவிடாதீர்கள்.’

ஜூலை 11, வெள்ளி

நான் எழுதிய கருத்து செவ்வாயன்று என் திரைக்கே வந்தது. விதிப்படி சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். பாராட்டு, காதல் என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

இன்று ஒத்துப் பார்ப்பு, குழந்தைவேல் சாருடன். கண்ணாடி அறையில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு மாறுபாடுதான்.

“இது குறைதானுங்க. அழுதேன்னு சொல்றாங்க. அழ வச்சா அது எப்படிங்க பாராட்டு?”

“வெக்கம் விட்டுப் போனதுக்கப்புறம் பேசற பேச்சுங்க சார் இது.”

“அப்படின்னு எழுதலையே?”

“எழுதாததத்தானுங்க நாம படிக்கோணும்.”

சார் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு இருமாமல், முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார். “அப்ப பொருள் காதலுங்களா?”

“ஆமாங்க சார்.”

“சரி, மாத்திக்கறேன்.” மாற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “ஏனுங்க, இத எழுதினவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“இப்பத்தானுங்க சார் தெரிய ஆரம்பிச்சிருக்கு.”

கீழே பேக்கரி வாசலில் ஹெப்சி நின்றிருந்தாள். லாரிக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை சீக்கிரமே வேலை முடிந்துவிடுகிறது. லாரி எப்படி என்று கேட்டேன். ஹாரன் சத்தம் போதவில்லை என்று உலகமே ஒத்த கருத்தில் இருப்பதாகச் சொன்னாள்.

பன்னில் பாதியை என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். தேங்காய், டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் என் பாதியில் அப்படியே இருந்தன. அவள் கையில் வெறும் ரொட்டி.

“என்ன இது?” என்றேன்.

அவள் கடிகாரத்தைப் பார்ப்பவள்போலக் கையை ஏந்தினாள்.

“கை தவறிட்டு” என்றாள்.